குழித்தறியும் கொடைக்கானலும்

பொதட்டூர்பேட்டையில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஊர் முழுவதும் விசைத்தறிக்கு மாறி, தெருவுக்குத் தெரு கடகடவென்ற ஓசை கேட்கிற இந்தக் காலத்திலும், அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய குழித்தறி ஒன்று இருக்கிறது. தறிக்கு மேலே சுவரில் ஒரு கடியாரம். அது என்றைக்கும் பத்து நிமிஷம் பின்தங்கியே ஓடும். "சரி செய்யக் கூடாதா, ஐயா?" என்று ஒரு முறை கேட்டேன். "அது தறி நேரமுங்க. பஸ் பிடிக்கத்தான் ஊர் நேரம் வேணும், நெய்யறதுக்கு இது போதும்" என்றார்.

சென்ற முறை நான் போயிருந்தபோது அவருடைய பேரனும் வீட்டில் இருந்தான். கல்லூரியில் படிக்கிற பையன். 'இன்டர்ஸ்டெல்லார்' என்று 2014-ல் வந்த ஆங்கிலப் படத்தைப் பற்றித் தாத்தாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கருந்துளை ஒன்றின் அருகே ஒரு கிரகம். அங்கே ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு வருஷம் ஓடிவிடும். இறங்கிப் போனவன் திரும்பி வருவதற்குள் மகளுக்கு வயதாகிவிடுகிறது.

பெரியவர் துளிக்கூட ஆச்சரியப்படவில்லை. "இது நம்ம ரைவத ராஜா கதைதானே!" என்றார்.

பாகவதத்தில் வருகிற கதை அது. ரைவதன் தன் மகள் ரேவதிக்கு வரன் கேட்கப் பிரம்மலோகம் போகிறான். அங்கே கானம் நடக்கிறது. முடியட்டும் என்று சற்றுக் காத்திருக்கிறான். பாட்டு முடிந்து விண்ணப்பம் செய்துகொண்டால் பிரம்மா சிரிக்கிறார்: அவன் மனத்தில் வைத்திருந்த வரன்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரன்கள் எல்லோரும் பூமியில் எப்போதோ மறைந்துபோனார்கள், இருபத்தேழு சதுர்யுகங்கள் ஓடிவிட்டன! பிறகு ரேவதி பலராமனை மணந்தாள் என்பது கதை.

அழகான கதைதான். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, ஐன்ஸ்டீன் சொன்னதெல்லாம் நம் முன்னோர்களுக்குத் தெரியும் என்று மேடை ஏறிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காலம் இடத்துக்கு இடம் வேறுபடும் என்று கற்பனை செய்வது ஒரு பெருமை. எவ்வளவு வேறுபடும் என்று அளந்து சொல்வது வேறொரு பெருமை. இரண்டாவது பெருமையில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அது பலருக்குத் தெரியாததால் அன்று தாழ்வாரத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

கனமான பொருளுக்கு அருகில் காலம் மெதுவாக நகரும் என்பதை ஐன்ஸ்டீன் 1907-லேயே ஊகித்துவிட்டார். 1911-ல் கணக்குப் போட்டும் காட்டினார். அதன்படி, சூரியனின் மேற்பரப்பில் ஒரு கடியாரத்தை வைத்தால் அது வருஷத்துக்குச் சுமார் 67 விநாடி பின்தங்கும். சரி, சூரியனில் கடியாரத்தை மாட்டுவது யார்? மாட்ட வேண்டியதில்லை. அங்கே கோடானுகோடிக் கடியாரங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் ஒரு கடியாரம்.

இந்த இடத்தில் பேரன் விழித்தான். தாத்தாவின் தறிதான் எனக்குக் கைகொடுத்தது. நெய்த துணி ஒரே வேகத்தில் முன்னால் நகர்ந்துகொண்டே போகிற தறி ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நெசவாளி ஒரே சீராக நாடாவை வீசினால் ஊடை இழைகள் சம இடைவெளியில் விழும். கை மெதுவானால்? துணி நகர்வதோ நிற்கவில்லை; ஆகையால் இழைக்கும் இழைக்கும் நடுவே இடைவெளி கூடிவிடும். ஒளி என்பது அணு நெய்கிற துணி. அது நகரும் வேகம் மாறாது. அணுவின் துடிப்பு மெதுவானால் அலைகள் நெருக்கம் குறைந்து வந்து சேரும். நெருக்கமான அலை ஊதா, அகன்ற அலை சிவப்பு. எனவே சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு மூலகத்துக்கும் உரிய கறுப்புக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சிவப்புப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டும். எவ்வளவு கொஞ்சம்? அலை நீளத்தில் ஏறக்குறைய ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு!

"துணியை அறுத்துப் பாத்து, நெய்தவன் கை தளர்ந்தானான்னு கண்டுபிடிக்கிற மாதிரி" என்றார் பெரியவர். அதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

இந்த ஐந்து லட்சத்தில் ஒரு பங்கைத் தேடிய மிகச் சில மனிதர்களில் ஒருவர் கொடைக்கானல் மலையில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் ஜான் எவர்ஷெட்.

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், படகு விடுகிறார்கள், குதிரை ஏறுகிறார்கள். 1899-ல் அந்த மலையின் உச்சியில், கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கும் மேலே, சூரியனை ஆராய்வதற்கென்றே ஒரு வானிலையம் ஏற்பட்டதை நினைப்பவர்கள் குறைவு. சென்னையில் இருந்த பழைய வானிலையத்தின் வாரிசு அது. 1907-ல் எவர்ஷெட் அங்கே உதவி அதிகாரியாக வந்தார். இங்கிலாந்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் சொந்தக் கருவிகளால் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். சர்வகலாசாலைப் பட்டங்கள் அவரை உருவாக்கவில்லை. அவருடைய மனைவி மேரியும் வானசாஸ்திரத்தில் தேர்ந்தவர். இத்தாலியக் கவி தாந்தே தம் காவியத்தில் நட்சத்திரங்களை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று அந்த அம்மாள் ஒரு புத்தகம் எழுதினார். மேகம் வந்து மூடிய நாட்களில் அந்த மலை வீட்டில் எப்படிப்பட்ட பேச்சு நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை. ஒரு நாவலே எழுதலாம்.

1909 ஜனவரி 5-ந் தேதி, சூரியப் புள்ளிகளிலிருந்து வாயுக்கள் நாலா பக்கமும் வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் கண்டுபிடித்தார். 'எவர்ஷெட் விளைவு' என்று அதற்கு இன்றும் பெயர். 1911-ல் வானிலையத்தின் தலைவரானார். அதே வருஷம் தாமஸ் ராய்ட்ஸ் என்பவர் உதவிக்கு வந்து சேர்ந்தார். ரூதர்போர்டோடு சேர்ந்து, ஆல்பாத் துகள் என்பது ஹீலியமே என்று நிரூபித்தவர் அவர். இப்படிப்பட்ட இருவர் பழனி மலையில் உட்கார்ந்து சூரியனின் கோடுகளை அளந்துகொண்டிருந்தார்கள்.

கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்துதான் இருந்தன. பெர்லினில் ஐன்ஸ்டீனின் நண்பரான பிராய்ண்ட்லிக், 1914-ல் கொடைக்கானல் அளவுகளையும் எடுத்துக்கொண்டு, இதோ ஆதாரம் என்றார். ஆனால் அளந்தவருக்கே திருப்தி ஏற்படவில்லை. ஐன்ஸ்டீன் சொன்னபடி என்றால் சூரியனின் நடுவிலும் விளிம்பிலும் ஒரே அளவு நகர வேண்டும். எல்லாக் கோடுகளும் ஒரே விகிதத்தில் நகர வேண்டும். அப்படி இல்லை. நடுவில் குறைவு, விளிம்பில் அதிகம். ஒரு கோடு ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி. வாயுக்கள் நம்மை விட்டு விலகி ஓடினாலும் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும் அல்லவா? அதுதான் காரணம் என்று எவர்ஷெட் நினைத்தார்.

இதில்தான் வந்தது வம்பு. சூரியனின் விளிம்பு முழுவதிலும் வாயுக்கள் பூமியை விட்டு விலகி ஓடுகின்றன என்றால், பூமி என்ன, சூரியனையே மிரட்டுகிறதா? சுண்டைக்காய்ப் பூமிக்கு இவ்வளவு அதிகாரமா? எவர்ஷெட்டுக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அளவுகள் அப்படிக் காட்டியபோது, அசட்டுத்தனமாகத் தோன்றும் என்று பயந்து அவர் அதை மறைத்து வைக்கவில்லை. அச்சில் ஏற்றினார். அதோடு, சோதித்துப் பார்க்க ஒரு வழியும் கண்டுபிடித்தார். அந்த வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பிறக்கிறது. பூமியிலிருந்து சூரியனின் மறுபக்கத்தைப் பார்க்க முடியாது. வெள்ளிக் கிரகம் பார்க்கும். வெள்ளி நம் மேல் பிரதிபலிக்கிற வெளிச்சம், நமக்குத் தெரியாத பக்கத்துச் சூரியனின் வெளிச்சமாக இருக்கலாம். அந்தக் கோடுகளை அளந்தால் பூமிக்குச் சம்பந்தம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். வெள்ளியை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியாக்கிவிட்டார் மனிதர்!

வெள்ளியின் ஒளி மிக மங்கல், அளவுகள் சஞ்சலமானவை. முதலில் அவை பூமிக்குச் சம்பந்தம் உண்டு என்பது போலவே காட்டின. அமெரிக்காவில் மவுண்ட் வில்சனில் செயின்ட் ஜான் என்பவர் அதே வேலையில் இறங்கி, 1917-ல் ஐன்ஸ்டீன் சொன்னது காணோம் என்று அறிவித்தார். இதற்கிடையே 1919 மே 29 கிரகணம் வந்தது. சூரியனுக்கு அருகே நட்சத்திர ஒளி வளைகிறது என்று எடிங்டன் கோஷ்டி அறிவிக்க, ஒரே நாளில் ஐன்ஸ்டீன் உலகப் புகழ் பெற்றார். எவர்ஷெட்டுக்குக் கிரகணமும் உதவவில்லை. 1922 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வால்லல் கடற்கரைக்குப் போன அவருடைய குழு, உருப்படியான முடிவு எதுவும் இல்லாமல் திரும்பியது. பக்கத்திலேயே கூடாரம் அடித்திருந்த அமெரிக்கக் குழு வெற்றியோடு போயிற்று.

ஆனாலும் அவர் அளப்பதை நிறுத்தவில்லை. 1923-ல், ஓய்வு பெற்றுக் கப்பல் ஏறப்போகிற அந்த வருஷத்தில், எவர்ஷெட் தம் முந்தைய கருத்தை விட்டுக்கொடுத்தார். ஐன்ஸ்டீன் சொன்ன நகர்வு சூரியனில் இருக்கிறது. அதற்கு மேல் விளக்கப்படாத மிச்சமும் கொஞ்சம் இருக்கிறது. இதுதான் அவருடைய முடிவு. செயின்ட் ஜானும் அதே வருஷம் மனம் மாறினார். அந்த மிச்சத்தின் ரகசியம் வெகு நாள் கழித்துத்தான் துலங்கியது. சூரியனின் மேற்பரப்பு கொதிக்கிற உலைபோலப் பொங்கிக்கொண்டிருக்கிறது. மேலே பொங்கி வருகிற வாயு நம்மை நோக்கி வருவதால் அதன் ஒளி நீலப் பக்கம் நகர்ந்து, ஐன்ஸ்டீனின் சிவப்பை நடுவில் பாதி மறைத்துவிடுகிறது. விளிம்பில் அந்த மறைப்பு இல்லை. பத்து வருஷம் எவர்ஷெட்டை அலைக்கழித்த புதிர் இவ்வளவுதான்! 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சந்திரன் பிரதிபலிக்கிற சூரிய ஒளியை அளந்து, நகர்வு விநாடிக்கு 638 மீட்டர் வேகத்துக்குச் சமம் என்று கண்டார்கள். கணக்குப்படி வர வேண்டியது 633. வெள்ளிக்குப் பதில் சந்திரன். கண்ணாடியைத்தான் மாற்றினார்கள், யுக்தி பழைய யுக்திதான்.

கதையின் அடுத்த பகுதி பலருக்கும் தெரிந்தது. எனவே வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியனைவிடக் கனமும் அடர்த்தியும் கூடிய இடத்தில் காலம் இன்னும் மெதுவாக வேண்டும் அல்லவா? சிரியஸ் நட்சத்திரத்துக்கு ஒரு குட்டித் துணை உண்டு. பூமி அளவே இருக்கிற வெள்ளைக் குள்ளன். எடை மட்டும் சூரியனுடையது. அதன் ஒளியை அளந்து பார்க்கும்படி எடிங்டன் தூண்டினார். 1925-ல் ஆடம்ஸ் அளந்து, நகர்வு இருக்கிறது, எடிங்டனின் கணக்கோடும் ஒத்துப்போகிறது என்றார். (அந்த எண்ணும் கணக்கும் இரண்டுமே தவறு என்பது பின்னால் தெரிந்தது. விநாடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் என்றார்கள். உண்மை 80-க்கு அருகில். தவறான விடை தவறான எதிர்பார்ப்போடு இவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?) அங்கே ஒரு கடியாரம் இருந்தால் ஒரு நாளைக்கு 23 விநாடி பின்தங்கும்.

1930 ஜூலை 31-ந் தேதி சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பம்பாயில் கப்பல் ஏறினான். சுப்பிரமணியன் சந்திரசேகர். பொழுது போகாமல் அவன் கப்பலில் போட்ட கணக்கு, வெள்ளைக் குள்ளனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டியது. சூரியனைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் சுருங்கிக்கொண்டே போக வேண்டும். 1935 ஜனவரி 11-ந் தேதி லண்டனில் ராயல் வானசாஸ்திரச் சங்கத்தில் அதை விவரித்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். அதற்கு முந்தைய மாதங்களில் சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து, வேலை எப்படி நடக்கிறது என்று பிரியமாக விசாரித்துக்கொண்டிருந்த அதே எடிங்டன்!

அந்தக் கணக்கின் முடிவு எங்கே போகும் என்பது எடிங்டனுக்கு மிக நன்றாகவே தெரிந்தது. சபையிலிருந்த மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்தது. நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கி, தன் ஒளியையே வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் நிலைக்குப் போய்விடும் என்று அவரே எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, இது அபத்தம். ஒரு நட்சத்திரம் இப்படி நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருந்தாக வேண்டும் என்றார். சபை சிரித்தது. சந்திரசேகர் அந்த விஷயத்தை ஒரு புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போனார். நோபல் பரிசு 1983-ல் வந்தது. நாற்பத்தெட்டு வருஷம். கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவருடைய பெரிய நூலும் அதே வருஷத்தில்தான் வெளிவந்தது.

எடிங்டனை வில்லனாக்குவது என் நோக்கமல்ல. இருவருக்கும் பழக்கம் கடைசி வரை நீடித்தது. ஆனால் நாவல் எழுதுகிறவனுக்கு மனிதர்களை ஒப்பிடாமல் இருக்க முடியாது. காலம் மெதுவாகும் என்பதைச் சூரியனிலும் சிரியஸிலும் தேடச் சொன்ன மகா மேதை, அந்தப் பாதையின் கடைசி வாசலில் நின்று, இதற்கு மேல் போகக் கூடாது என்றார். பத்து வருஷம் வேறு பாதையில் நடந்த எவர்ஷெட், வழி தவறு என்று தெரிந்ததும் திரும்பி வந்தார். ஒருவர் பெயர் உலகம் முழுவதும் தெரியும். இன்னொருவர் பெயரைக் கொடைக்கானல் ஏரிக்கரையில் விசாரித்தால்கூட ஒருவருக்கும் தெரியாது.

"அந்தக் கடைசி வாசல்ல என்னதான் ஆகுது?" என்றார் பெரியவர்.

சூரியனைக் கருந்துளை ஆக்க வேண்டுமானால் அதை மூன்று கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடைக்க வேண்டும். அந்த எல்லைக் கோட்டைப்போல ஒன்றே கால் பங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில், அதாவது நான்கு கிலோமீட்டரில், ஒரு கடியாரத்தை விழாமல் நிறுத்தினால் அது நம் கடியாரத்தில் பாதி வேகத்தில் ஓடும். எல்லைக்கு நூற்றில் ஒரு பங்கு வெளியே நிறுத்தினால் அங்கே ஒரு நாள், இங்கே பத்து நாள். எல்லையை நெருங்க நெருங்க, தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தக் கடியாரம் அநேகமாக நின்றே போகும். ஒளி சிவந்து சிவந்து மங்கி மறையும். உள்ளே விழுகிறவனுக்கோ ஒன்றும் தெரியாது; அவன் கைக்கடியாரம் எப்போதும்போல ஓடும். இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. நம் பால்வீதியின் மையத்தில் நாற்பது லட்சம் சூரியன்களின் எடையுள்ள கருந்துளை இருக்கிறது. எஸ்-2 என்ற நட்சத்திரம் அதைப் பதினாறு வருஷத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது. 2018 மே மாதம் அது கருந்துளைக்கு மிக அருகே வந்தபோது, அதன் ஒளி ஐன்ஸ்டீன் சொன்னபடியே கூடுதலாகச் சிவந்ததை அளந்துவிட்டார்கள்.

பெரியவர் சிறிது நேரம் யோசித்தார். "அப்ப, மலை மேல இருக்கிறவனுக்கும் அடிவாரத்துல இருக்கிறவனுக்கும் நேரம் வேற வேறயா?"

நான் எதிர்பார்த்த கேள்வி இதுதான். திருத்தணிக் கோயிலுக்கு 365 படிகள். வருஷத்தில் நாளுக்கு ஒன்று. படிக்கு அரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 55 மீட்டர் சொச்சம். அடிவாரத்துக் கடியாரம் சந்நிதிக் கடியாரத்தைவிட ஒரு விநாடி பின்தங்க ஐம்பது லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும். இதையும் அளக்க முடியுமா என்றால், இதைவிடக் குறைந்த உயரத்தில் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலைக் கோபுரம் ஒன்றில், வெறும் 22.5 மீட்டர் உயரத்தில், பவுண்டும் ரெப்காவும் இரும்பு அணுவின் காமாக் கதிரை வைத்து அளந்தார்கள். இன்று பொதட்டூர்பேட்டைக்கு வழி காட்டுகிற ஜி.பி.எஸ். துணைக்கோள்களின் கடியாரங்களிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. வேகத்தால் குறைவதையும் உயரத்தால் கூடுவதையும் கழித்துப் பார்த்தால் அவை ஒரு நாளைக்கு 38 மைக்ரோ விநாடி முந்தும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிசகு சேர்ந்துவிடும். பொதட்டூர்பேட்டைக்குக் கிளம்பியவன் ஆந்திராவில் போய் நிற்பான்.

"அப்படின்னா குழியில காலை விட்டு அறுபது வருஷம் நெய்தவனுக்கு?" என்று கேட்டார் பெரியவர், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

பேரன் உடனே கைப்பேசியில் கணக்குப் போட்டான். தலைக்கும் பாதத்துக்கும் நாலடி வைத்துக்கொண்டான். இரவும் பகலும் அறுபது வருஷம் குழியிலேயே உட்கார்ந்திருந்தாலும் தாத்தாவின் பாதம் தலையைவிடக் கால் மைக்ரோ விநாடிதான் இளமை! பெரியவர் தம் பாதங்களைப் பார்த்துக்கொண்டார். வெடிப்பு விழுந்து, தலையைவிட நூறு வயது அதிகமாகத் தோன்றின அவை. "காலுக்கு இது தெரியலையே, தம்பி" என்றார்.

பவுண்ட்-ரெப்கா முடிவு அச்சில் வெளிவந்த தேதியைச் சொல்ல மறந்துவிட்டேன்: 1960 ஏப்ரல் 1. தேதியைக் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்தார். அந்தத் தேதி இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பலனாக, ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருத்தணிப் பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த நாள் அது. திருப்பதி அங்கேயே நின்றுவிட்டது, திருத்தணி வந்தது, அதோடு பொதட்டூர்பேட்டையும் வந்தது.

"அப்ப நான் சின்னப் பையன். அப்பா தறியில இருந்தாரு. நான் தார் சுத்திக் கொடுப்பேன்" என்றார் பெரியவர். "அந்தப் பாவு ஆந்திராவில பூட்டினதுங்க. துணியை அறுத்தது மதராஸில. தறி இருந்த இடத்திலேயேதான் இருந்துச்சு."

பிறகு அவர் குழியில் இறங்கி உட்கார்ந்தார். நானும் எழுந்தேன். சுவர்க் கடியாரத்தைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி இருந்தது. நிதானமாக விடைபெற்று, தெருக்கோடி வரைக்கும் பேரனோடு பேசிக்கொண்டே நடந்து போய்ச் சேர்ந்தேன். பஸ் போய் ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.